நாலு தட்டு, மூன்று மௌனம்

எங்கள் மாடிப் போர்ஷனில் குடியிருக்கும் தம்பிக்குச் சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். தாம்பரம் சானடோரியத்தில் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்துக்குள் இரவு வேலை. அவன் வேலை முடிந்து வரும் நேரமும் நான் காலை நடை முடித்துத் திரும்பும் நேரமும் ஒன்று. வழியில் இருவருக்கும் ஒரே டீக்கடை. போன மாதம் ஒரு நாள், கிளாஸை வாங்கிய கையோடு கேட்டான்: "எப்படி சார் இந்தச் சத்தத்துல முப்பது வருஷமா இருக்கீங்க? ரயிலு, பிளேனு, ஜிஎஸ்டி ரோடு. படுத்தா காதுக்குள்ள ஒரு ஊரே ஓடுது சார்."

பழகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் அது பொய். பழகினால் காது கேட்பதையே விட்டுவிடும். நான் விடவில்லை. இளவயதில் ஆறு வருஷம் மிருதங்கம் கற்றுக்கொண்டேன். கச்சேரி செய்யும் அளவுக்குக் கை வரவில்லை, காது மட்டும் வந்தது. அந்தக் காதோடு பாரிமுனைக்கும் தாம்பரத்துக்குமாகச் சீசன் டிக்கெட்டில் போய்வந்த முப்பது வருஷமும் இந்த ஊரை ஒரு கச்சேரியைக் கேட்பதுபோல்தான் கேட்டேன். அது எப்படி என்று அவனுக்கு விளக்க ஆரம்பித்தேன். ஒரு டீயில் முடியவில்லை. ஒரு வாரத்து டீ ஆகிவிட்டது.

"அந்தப் பக்கம் திரும்பி நில்லுப்பா. மாஸ்டரைப் பார்க்காதே. காதை மட்டும் கொடு" என்றேன் முதல் நாள்.

மாஸ்டர் டீயை இரண்டு முறை ஆற்றிவிட்டு, குவளையை உயரத் தூக்கிக் கிளாஸில் விட்டார். முதலில் தொளதொளவென்று கனத்த ஒலி. கிளாஸ் நிறைய நிறைய ஒலி மெலிந்து மேலே ஏறியது. விளிம்புக்கு வரும்போது கீச்சென்று ஒரு கோடு போல ஆகி நின்றது. பிறந்ததிலிருந்து குடத்திலும் வாளியிலும் சொம்பிலும் நாம் கேட்டுவருகிற ஒலிதான். ஆனால் அது ஏறுகிறது என்று தம்பி அன்றைக்குத்தான் கவனித்தான்.

ஏன் ஏறுகிறது? ஒலிப்பது டீ இல்லை. டீக்கு மேலே கிளாஸுக்குள் நிற்கும் காற்று. காலிக் கிளாஸில் அந்தக் காற்றுத் தூண் நீளமாக இருக்கிறது, அதனால் ஒலி தாழ்ந்திருக்கிறது. டீ உயர உயரத் தூண் குட்டையாகிறது, சுருதி ஏறுகிறது. புல்லாங்குழல்காரர் விரலை எடுத்துத் துளையைத் திறக்கும்போது செய்வதும் இதையேதான், குழலுக்குள் இருக்கும் காற்றைக் குட்டையாக்குகிறார். தூண் பாதியானால் சுருதி ஏறக்குறைய ஒரு ஸ்தாயி ஏறும். அதாவது அரை கிளாஸ் டீக்குள் மாஸ்டர் கீழ் ஷட்ஜத்திலிருந்து மேல் ஷட்ஜம் வரை போய்விடுகிறார். பார்வை இல்லாதவர்கள் பாத்திரம் நிறைவதைக் கண்டுகொள்வது இந்த ஏற்றத்தை வைத்துத்தான்.

அடுத்து, ஸ்பூனால் காலிக் கிளாஸின் விளிம்பைத் தட்டச் சொன்னேன். பிறகு நிறைந்த கிளாஸை. இப்போது தலைகீழ்! நிறைந்த கிளாஸ் தாழ்ந்து ஒலிக்கிறது. தம்பி இரண்டு முறை மாற்றி மாற்றித் தட்டிப் பார்த்தான். இங்கே ஒலிப்பது காற்றில்லை, கண்ணாடிச் சுவர். உள்ளே டீ இருந்தால் சுவர் அசையும்போது அதையும் சேர்த்து அசைக்க வேண்டும். பாரம் கூடினால் அசைவு மெதுவாகும், சுருதி இறங்கும். ஜலதரங்கம் முழுவதும் இந்த ஒரு விதியின்மேல் நிற்கிறது. பீங்கான் கிண்ணங்களில் தண்ணீரைக் கூட்டியும் குறைத்தும் சுருதி சேர்த்து, மெல்லிய குச்சியால் ராகம் வாசித்தார்கள். சீதா துரைஸ்வாமி, ஆனையாம்பட்டி கணேசன் போன்றவர்கள் அதை மேடையில் காப்பாற்றி வைத்திருந்தார்கள். நம் சமையலறைக்கும் கச்சேரி மேடைக்கும் நடுவே சுவர் என்று எதுவும் இருந்ததில்லை. கடம் என்பது மானாமதுரையில் சுட்ட பானை. அதைக் கவனித்த காதுதான் அதை மேடையேற்றியது.

வீட்டில் செய்து பார்க்க ஒன்றைச் சொல்லி அனுப்பினேன். கனமான பீங்கான் கோப்பையில் சுடுதண்ணீர் விட்டு, இன்ஸ்டன்ட் காபித்தூள் போட்டுக் கலக்கி, உடனே ஸ்பூன் நுனியால் உள்ளே அடிப்பக்கத்தைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தட்டும் வேகத்தை மாற்றக்கூடாது. முதலில் ஒலி மந்தமாகத் தாழ்ந்திருக்கும். கொஞ்ச நேரத்தில் தானாக ஏறும், ஏறிக்கொண்டே போகும். தூளோடு போன நுண்ணிய காற்றுக் குமிழிகள் தண்ணீருக்குள் ஒலியின் வேகத்தைக் குறைத்துவிடுகின்றன. குமிழிகள் மேலேறிக் கரையக் கரைய வேகம் திரும்புகிறது, சுருதியும் கூடவே ஏறுகிறது. ஃபிராங்க் கிராஃபோர்டு என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1982-இல் இதை ஆராய்ந்து எழுதினார். அன்றைக்கு மத்தியானம் தம்பி தூங்காமல் மூன்று காபி போட்டானாம். அது என் தப்பு.

இரண்டாம் நாள் அவன் கேட்டது நல்ல கேள்வி. "சரி சார், எல்லாமே ஒலிதான். அப்புறம் எது சத்தம், எது சங்கீதம்?"

இதற்குப் பாதி பதிலை சி.வி. ராமன் கொடுத்திருக்கிறார். வெறும் தோலை இழுத்துக் கட்டித் தட்டினால் அதிலிருந்து பல ஒலிகள் ஒரே நேரத்தில் கிளம்பும். ஆனால் அவை ஒன்றுக்கொன்று ஒட்டாத கணக்கில் இருக்கும். அதனால் நமக்கு ‘டப்’ என்று ஒரு சத்தம்தான் கேட்கிறது, சுவரம் கேட்பதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே கருப்பாகக் கரணை பூசியிருக்கிறார்களே, அது அந்த ஒலிகளை இழுத்து ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்ற முழுஎண் கணக்குக்குக் கொண்டுவந்துவிடுகிறது. வீணைத் தந்தியில் இருக்கும் அதே கணக்கு. ராமன் இதைக் கண்டறிந்து 1920-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். பெயர் தெரியாத ஏதோ ஒரு வாத்தியக்காரர், பல நூறு வருஷங்களுக்கு முன்னால், எந்தக் கருவியும் இல்லாமல் காதை மட்டும் வைத்துக்கொண்டு அந்தப் பூச்சின் அளவைக் கண்டுபிடித்திருக்கிறார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கை கூப்பத் தோன்றுகிறது.

மீதிப் பாதி பதில் தமிழிலேயே இருக்கிறது. சலசல, கடகட, படபட, தடதட. இரட்டைக்கிளவி என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அது பிரிந்து ஒலிக்காது, இரட்டையாகவே நிற்கும் என்கிறது தொல்காப்பியம். ‘சல’ என்றால் பொருளில்லை, ‘சலசல’ என்றால் ஓடை. ஏன் இரண்டு தேவைப்படுகிறது? ஒரு தட்டில் தாளம் கிடையாது. இரண்டாவது தட்டு விழும்போதுதான் நடுவே ஓர் இடைவெளி பிறக்கிறது. மூன்றாவது எப்போது விழும் என்று காது எதிர்பார்க்கத் தொடங்குகிறது. அந்த எதிர்பார்ப்பு வந்த நிமிஷத்திலிருந்து அது சங்கீதம். கச்சேரியில் நாம் தலையாட்டுவது எதிர்பார்த்த இடத்தில் அடி வந்து விழுந்ததற்காக. எதிர்பார்த்த இடத்தில் விழாமல் வேண்டுமென்றே அரை அட்சரம் தள்ளி விழுந்தால் இன்னும் பலமாக ஆட்டுகிறோம்.

இந்த இடத்தில் ரயிலுக்கு வந்தோம். நான் காத்திருந்த இடம் இதுதான்.

கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் வந்தது 1931-இல். மீட்டர் கேஜ். 2004-இல்தான் அந்தப் பாதை முழுக்க அகலப்பாதைக்கு மாறியது. நான் ஏறியிறங்கிய காலத்தில் பாதி அந்தக் குறுகிய வண்டிகளுடையது. அப்போதெல்லாம் பன்னிரண்டு, பதிமூன்று மீட்டர் நீளத் தண்டவாளத் துண்டுகளை ஃபிஷ் பிளேட் போட்டு இணைத்திருப்பார்கள். வெயிலில் இரும்பு நீள இடம் வேண்டும் என்பதால் இணைப்பில் ஒரு சின்ன இடைவெளி விட்டிருக்கும். ஒவ்வொரு சக்கரமும் அதைத் தாண்டும்போது ஒரு தட்டு. இப்போது பற்றவைத்த நீளத் தண்டவாளங்கள், தட்டு போய்விட்டது. முழுதும் போகவில்லை. தடம் மாறும் பாயின்டுகளிலும், சிக்னலுக்காக மின்சாரத்தைப் பிரித்து வைத்திருக்கும் இணைப்புகளிலும் இன்னும் கேட்கும். தாம்பரம் யார்டில் பாயின்டுகளுக்குப் பஞ்சமில்லை.

அப்படி ஓர் இணைப்புக்குப் பக்கத்து நடைமேடையில் நின்று கேட்க வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் முன்னால் இரண்டு ஜோடிச் சக்கரம், பின்னால் இரண்டு ஜோடி. ஒரு பெட்டியின் பின் ஜோடிகளும் அடுத்த பெட்டியின் முன் ஜோடிகளும் அடுத்தடுத்து வருவதால் தடதட தடதட என்று நாலு தட்டு நெருக்கமாக விழும். பிறகு பெட்டியின் வயிற்றுப் பகுதி தாண்டும்வரை சத்தமில்லை. பிறகு மறுபடி நாலு. ஒரு சக்கரத்துக்கும் அடுத்ததுக்கும் இடையே சுமார் 2.9 மீட்டர். ஒரு பெட்டியின் நீளம் சுமார் 21 மீட்டர். வகுத்துப் பாருங்கள், ஏறக்குறைய ஏழு. ஆக நாலு தட்டு, மூன்று மௌனம், மொத்தம் ஏழு மாத்திரை. அச்சுப் பிசகாத ஏழு என்று சொல்ல மாட்டேன், இரண்டாவது தட்டுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே கொஞ்சம் இழுக்கும். ஆனால் கையில் போட்டுப் பார்த்தால் உட்காரும். ‘தகதிமி’, பிறகு ‘தகிட’வைச் சொல்லாமல் மனசுக்குள் விட வேண்டும்.

ஏழு மாத்திரைத் தாளத்தை வழக்கமாக மூன்று, நாலு என்று பிரித்தால் மிஸ்ர சாபு. நாலு, மூன்று என்று திருப்பினால் விலோம சாபு. சியாமா சாஸ்திரிகள் தன் கையெழுத்துபோலக் கையாண்ட தாளம் அது. தாம்பரம் வண்டி வாசிப்பது இந்த இரண்டாவதை. வண்டி நகரத் தொடங்கும்போது விளம்பம், வேகம் எடுத்தால் துரிதம், கணக்கு மட்டும் மாறாது. நான் இதைக் கண்டுகொண்ட நாள் குரோம்பேட்டையில் என் வண்டியைத் தவறவிட்டுவிட்டு நடைமேடையிலேயே நின்றிருந்தேன். அதற்கு மறுநாளும் வேண்டுமென்றே ஒரு வண்டியை விட்டேன்.

"அந்த மூணு மௌனமும் தாளத்துல சேருமா சார்?" என்றான் தம்பி. அதுதான் கார்வை. மிருதங்க வாத்தியார் எனக்கு முதல் வருஷம் முழுக்கக் கற்றுக்கொடுத்தது அடிப்பதை இல்லை, அடிக்காமல் காத்திருப்பதை. கை சும்மா இருக்கும்போதும் தாளம் ஓடிக்கொண்டிருக்கிறது. கேட்கப் பழகுகிறவர் முதலில் பிடிக்க வேண்டியது சத்தத்தை விட, இரண்டு சத்தத்துக்கு நடுவே இருப்பதை.

நிற்காமல் போகும் எக்ஸ்பிரஸ் வண்டியின் ஹாரன் இன்னொரு பாடம். வரும்போது ஒரு சுருதி. நம்மைத் தாண்டும் நொடியில் வழுக்கிக்கொண்டு இறங்கும். வண்டி மணிக்கு 90 கிலோமீட்டரில் வருகிறது என்று வைத்துக்கொண்டால் இறக்கம் சுமார் இரண்டரை சுவரஸ்தானம். சாதாரண காந்தாரத்தில் தொடங்கினால் ஷட்ஜத்தை நோக்கி வழுக்கி, ஷட்ஜத்தைத் தொடாமல் ஒரு நூல் மேலே நின்றுவிடும். வீணையில் விரலைத் தந்தியோடு இழுத்துக் கீழே கொண்டுவரும் இறக்க ஜாரு அச்சு அசலாக இதுதான். ஒலி நம்மை நோக்கி வரும்போது அலைகள் நெருக்கப்படுகின்றன, விலகும்போது அகல்கின்றன. கிறிஸ்டியன் டாப்ளர் 1842-இல் இந்தக் கருத்தைச் சொன்னார். அதைச் சோதித்த விதம்தான் எனக்குப் பிடித்தது. 1845-இல் நெதர்லாந்தில் பைஸ் பாலட் என்ற விஞ்ஞானி, ரயில் வண்டியில் கொம்பு வாத்தியக்காரர்களை ஏற்றி ஒரே சுவரத்தை ஊதச் சொன்னார். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் சுருதி ஞானம் உள்ளவர்களை நிறுத்தி, எவ்வளவு மாறுகிறது என்று சொல்லச் சொன்னார். அளக்க வேறு கருவி கிடையாது. பயிற்சி பெற்ற காதுதான் கருவி.

நூறு வருஷம் கழித்து, 1948-இல், பாரிஸ் வானொலியில் வேலைபார்த்த பியர் ஷேஃபர் ஒரு ரயில் நிலையத்துக்குப் போய் எஞ்சின்களின் ஒலியைப் பதிவு செய்துவந்து, வெட்டி, அடுக்கி, ஒரு இசைத் துண்டாகவே ஒலிபரப்பினார். நான்கு வருஷம் கழித்து, 1952 ஆகஸ்ட் 29-ஆம் தேதி, அமெரிக்காவில் உட்ஸ்டாக் என்ற ஊரில் டேவிட் டியூடர் பியானோ முன் உட்கார்ந்து நாலு நிமிஷம் முப்பத்துமூன்று விநாடி எதுவும் வாசிக்காமல் இருந்தார். ஜான் கேஜ் அமைத்த உருப்படி அது. அரங்கம் காட்டுப் பக்கம் திறந்திருந்தது. காற்றும், கூரையில் விழுந்த மழைத்துளியும், பொறுமையிழந்தவர்களின் முணுமுணுப்பும்தான் கச்சேரி. இதில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. 1946-இல் அகமதாபாத்திலிருந்து கீதா சாராபாய் என்ற இளம்பெண் நியூயார்க் போய் கேஜிடம் மேற்கத்திய இசை கற்றார், பதிலுக்கு நம் இசையைச் சொல்லிக்கொடுத்தார். இசை எதற்காக என்று கேஜ் கேட்டபோது, மனசைத் தெளியவைத்து அடக்கத்தான் என்று தன் குரு சொன்னதை அவர் சொன்னார். கேஜ் அதை வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் தம்பியிடம் கேஜைப் பற்றி அதிகம் பேசவில்லை. நமக்குக் கபிலர் இருக்கும்போது வழி கேட்க அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அகநானூற்றின் 82-ஆம் பாட்டு. குறிஞ்சி நிலம். மூங்கிலில் வண்டு துளைத்த ஓட்டைகளில் மேல்காற்று புகுந்து குழலாக ஒலிக்கிறது. அருவி முழவு. கூட்டமாகக் கத்தும் கலைமான்களின் கனத்த குரல் பெருவங்கியம் என்ற ஊதுகருவி. மலைச்சரிவுப் பூக்களில் மொய்க்கும் வண்டு யாழ். மந்திகள் வியந்து பார்க்கும் சபை. மூங்கில் சரிவில் உலவும் மயில், ஆட வந்த விறலி. கபிலர் இல்லாத ஒன்றைக் கொண்டுவந்து சேர்க்கவில்லை. மலையில் தினமும் இருக்கிற ஒலிகளுக்குக் கச்சேரியில் இடம் போட்டுக்கொடுத்தார். நீ குழல், நீ முழவு, நீ யாழ் என்று. பெயர் கொடுத்தவுடன் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்கத் தொடங்குகிறது. அந்த மலையிலிருந்து வந்த ஒருவனைப் பலரும் பார்த்தார்கள், எனக்கு மட்டும் ஏன் ராத்திரித் தூக்கம் போனது என்று பாட்டின் கடைசியில் அந்தப் பெண் தோழியிடம் கேட்கிறாள். "அப்போ அந்தப் பொண்ணுக்கும் தூக்கம் இல்லையா சார்" என்று தம்பி முதல்முறையாகச் சிரித்தான்.

கபிலர் செய்ததைத் தாம்பரத்துக்கு நாமே செய்து பார்ப்போம் என்றேன். முதலில் சுருதி. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு ஒரு சுற்றுக்கு இரண்டு முறை அதிர்வதால் நொடிக்கு நூறு அதிர்வாக அது ராப்பகலாக ரீங்கரிக்கிறது. ஒரு கட்டைச் சுருதியில் பாடுகிறவருக்கு மந்தர பஞ்சமம் கிட்டத்தட்ட அங்கேதான் வரும், டிரான்ஸ்ஃபார்மர் ஒரு இழை தூக்கலாக இருக்கும். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் அதன் கீழே நின்று மெதுவாக ஷட்ஜத்தை முனகிப் பாருங்கள், கூடச் சேர்ந்துகொள்ளும்.

முழவு, ரயில். அதில் சந்தேகமில்லை. தாளம் போடச் செம்மார்புக் குக்குறுவான் என்ற பறவை. கிறிஸ்துவக் கல்லூரி 1937-இல் இங்கே குடிவந்தபோது கிடைத்த புதர்க்காட்டை அழிக்காமல் வைத்திருப்பதால் அந்தப் பக்கம் இன்னும் நிறையக் கேட்கும். கோடையில் ஆலமரத்து உச்சியில் உட்கார்ந்துகொண்டு ‘டுக் டுக் டுக்’ என்று நிமிஷத்துக்கு நூறுக்கும் மேல், வேகம் மாறாமல் தட்டும். கன்னார் செம்பைத் தட்டுவதுபோல் இருப்பதால் ஆங்கிலத்தில் அதற்குக் கன்னார் பெயரே வைத்துவிட்டார்கள். பெருவங்கியத்துக்கு வண்டலூர் சிங்கம். மிருகக்காட்சிச் சாலை 1985-இல் அங்கே வந்ததிலிருந்து சுற்றுவட்டாரத்தில் விடியலுக்கு முன் முழிப்பவர்களுக்கு அது கேட்கும். என் அத்தை வீடு வண்டலூர் ஓட்டேரியில் இருந்தபோது அந்தக் கர்ஜனை மெத்தைக்குள் புகுந்து முதுகில் கேட்டது, காதில் கேட்பதற்கு முன்னால். யாழுக்கு மட்டும் எனக்கு ஆள் கிடைக்கவில்லை. தம்பிதான் இரண்டு நாள் கழித்துக் கொண்டுவந்தான். "வண்டி வர்றதுக்கு முன்னாடியே தண்டவாளம் கிர்ருனு பாடுது சார். தந்தி மாதிரி. வண்டி கண்ணுக்கே தெரியல." உண்மைதான். எத்தனையோ வருஷம் அந்த நடைமேடையில் நின்றிருக்கிறேன், தந்தி என்று எனக்குத் தோன்றவே இல்லை.

குரலுக்கு யார்? இதைச் சொல்லும்போது எனக்கு மனசு கனக்கிறது. ஏழு மணிக்கு வரும் கீரைக்கார அம்மா ‘கீரே...ய்’ என்று ஏகாரத்தை மேல் பஞ்சமம் வரைக்கும் தூக்கி, அங்கே நிறுத்தி, யகரத்தில் வெட்டுவார். கடைசி வீட்டு சமையலறை வரை போய்ச் சேர வேண்டிய குரல் அது. தூரத்தில் இருப்பவரை அழைக்கும்போது எழுத்து தன் அளவைத் தாண்டி நீளும் என்று தொல்காப்பியம் விளி மரபில் சொல்கிறது. கீரைக்காரம்மாவுக்குத் தொல்காப்பியம் தெரிய வேண்டாம், தொல்காப்பியருக்குக் கீரைக்காரம்மாவைத் தெரிந்திருந்தது. சாணை பிடிப்பவர், உப்புக்காரர், பழைய பேப்பர்காரர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு சுருதி இருந்தது. ஒருவர் இழுக்கும் இடத்தில் இன்னொருவர் இழுக்க மாட்டார், வாடிக்கையாளர் குழம்பிவிடுவார் என்பதால். இப்போது ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டி, பதிவு செய்த ஒரே குரலைப் போட்டுவிடுகிறார்கள். தொண்டைக்கு ஓய்வு, அதை நான் குறை சொல்ல மாட்டேன், வெயிலில் நாள் முழுதும் கத்துகிறவருக்குத்தான் அந்த வலி தெரியும். ஆனால் பதிவான குரலுக்கு எந்தத் தெரு, யார் வாசலில் நிற்கிறார்கள் என்று தெரியாது. கீரைக்காரம்மா எங்கள் வீட்டைத் தாண்டும்போது குரலை அரைப்பங்கு குறைப்பார், என் அம்மா படுக்கையில் இருந்த வருஷம் முழுக்க.

சானடோரியம் என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று தம்பிக்குத் தெரிந்திருக்கவில்லை. தினம் அங்கே இறங்குகிறான். 1928-இல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து காசநோயாளிகளுக்காக இங்கே தொடங்கிய மருத்துவமனை அது. நல்ல காற்றுக்காகத் தேர்ந்தெடுத்த இடம். இன்றைக்கு அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. கேட்கும் கலையைப் பற்றிப் பேசும்போது அந்த வாசலை எப்படித் தாண்டிப் போவது? நெஞ்சைத் தட்டிப் பார்த்து நோயைக் கண்டுகொள்ளலாம் என்று 1761-இல் எழுதியவர் வியன்னாவின் ஆவென்புருக்கர். அவர் அப்பா விடுதி நடத்தியவர். பீப்பாயைத் தட்டி மது எந்த மட்டத்தில் இருக்கிறது என்று பார்ப்பது அந்த வீட்டில் தினப்படி வேலை. காற்று நிறைந்த நுரையீரல் ஒரு மாதிரி ஒலிக்கும், நீர் கோத்த இடம் மொத்தென்று இருக்கும். நம் டீக்கிளாஸ் பாடம்தான். 1816-இல் பாரிஸில் லெனெக் என்ற மருத்துவர் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டார், பிறகு மரத்தில் குழல் செய்தார். ஸ்டெதஸ்கோப் பிறந்தது அப்படி. அவர் புல்லாங்குழல் வாசிப்பவர். எதிர்பாராமல் நடந்தது என்று எனக்குத் தோன்றவில்லை. நெஞ்சுக்குள் கேட்கும் ஒவ்வோர் ஒலிக்கும் பெயர் வைத்து, வகைபிரித்து, எது காசம், எது சளி என்று எழுதிவைத்தவர், 1826-இல் காசநோயிலேயே இறந்தார். நெஞ்சில் குழலை வைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கும் மருத்துவரைப் பார்க்கும்போதெல்லாம், தம்புரா மீட்டும் முன் காதைச் சாய்க்கும் பாடகர்தான் எனக்கு நினைவுக்கு வருகிறார்.

இவ்வளவு சொல்லிவிட்டு, ஒன்றைத் தெளிவாகச் சொன்னேன். ஒலிகளை இசையாகக் கேட்கப் பழகுவது எல்லாச் சத்தத்துக்கும் சம்மதம் எழுதிக்கொடுப்பதாகாது. கபிலரின் மலையில் யாரும் யாரையும் அமுக்கவில்லை, முழவு ஒலிக்கும்போதும் வண்டின் யாழ் கேட்கிறது. ஜிஎஸ்டி சாலையில் ஒரு ஏர் ஹாரன் அடித்தால் குக்குறுவான், கீரைக்காரம்மா, பக்கத்தில் நிற்பவர் பேச்சு எல்லாம் அழிந்துபோகிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை 45 டெசிபல்தான் எல்லை. அது காகிதத்தில் இருக்கிறது, தெருவில் இல்லை. நன்றாகக் கேட்கத் தெரிந்தவருக்குத்தான் எதை இழக்கிறோம் என்று தெரியும், அவர்தான் முதலில் புகார் கொடுப்பார். நான் இரண்டு முறை கொடுத்திருக்கிறேன். தம்பியின் பகல் தூக்கத்துக்கு ராகமும் தாளமும் மருந்தாகாது என்பதால், கட்டிலை ரோட்டுப் பக்கச் சுவரிலிருந்து உள்பக்கத்துக்கு மாற்றி, ஜன்னலுக்குக் கனமான திரை வாங்கிக் கொடுத்தேன். இப்போது ஐந்து மணி நேரம் தூங்குகிறான்.

2025 ஏப்ரலிலிருந்து கடற்கரை, தாம்பரம், செங்கல்பட்டுத் தடத்தில் ஏசி மின்சார ரயில் ஓடுகிறது. நான் ஒரு முறை போனேன். கதவு மூடிக்கொண்டது. பல்லாவரத்துக்கும் திரிசூலத்துக்கும் நடுவே வழக்கமாக மலைப்பக்கத்திலிருந்து வண்டிச் சத்தம் திரும்பி வந்து மோதுவது கேட்கும், அது கேட்கவில்லை. கோடை உச்சியில் அந்தக் குளிர் எவ்வளவு பெரிய உதவி என்று தெரியும். இருந்தாலும் அடுத்த தடவை சாதா வண்டியில் கதவோரம்தான் நின்றேன்.

நேற்றுக் காலை டீக்கடையில் தம்பி எனக்கு முன்னால் வந்திருந்தான். கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, போனில் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தான். பின்னால் மாஸ்டர் குவளையைத் தூக்கி ஊற்றினார். தொளதொள என்று தொடங்கி, மெலிந்து, மேலே போய், கீச்சென்று கோடானது. பேச்சை நிறுத்தாமல், திரும்பிப் பார்க்காமல், தம்பி கையைப் பின்னால் நீட்டினான். மாஸ்டர் அந்தக் கையில் கிளாஸை வைத்தார்.